தோள் உயரக் கழிவு

ஒத்தப்பனைப்பட்டி மேனிலைப் பள்ளியில் கழிவு இல்லை என்பது, அரசாங்கம் அதைக் கேட்கும்வரை யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. மூன்று வகுப்புகளுக்குக் கூரை இல்லை என்பது குறைதான். கணக்கு வாத்தியார் இல்லை என்பதில்கூட இரண்டு கருத்து இருந்தது. கழிவைப் பற்றி மட்டும் எவரும் கவலைப்பட்டதில்லை.

1984-இல் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. மாவட்டத்தில் புதிதாகக் கழிவு மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று பிறந்திருந்தது. அது எல்லாப் பள்ளிகளிலும் ‘மாணவர் கழிவு மீட்புப் படை’ அமைக்கச் சொன்னது. படை கழிவைத் தேடிச் சேகரிக்க வேண்டும், குவிக்க வேண்டும், மறுபயனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்பு அலுவலர் நேரில் வந்து குவியலோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். ‘குவியல் அலுவலரின் தோள் உயரத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அலுவலரின் முகத்தை மறைத்தலும் கூடாது.’

தலைமையாசிரியர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். உத்தரவில் இல்லாததை ஊகித்துச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆகவே அலுவலரின் உயரம் என்ன என்று கேட்டு எழுதினார். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது: ‘ஐந்தடி மூன்றங்குலம். பதவி உயர்வு பற்றிய கோப்பு பரிசீலனையில் உள்ளது.’

அடுத்து, படைக்கு ஒரு தலைவன் வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பள்ளி முழுக்க நிமிர்ந்து நிற்கையில் பன்னிரண்டாம் வகுப்பு முத்திருளன் மட்டும் குனிந்திருந்தான். அவன் கால்சட்டைப் பொத்தான் அறுந்து மண்ணில் விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டிருந்தான்.

“பாருங்கள்!” என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் கூவினார். “எல்லாரும் வானத்தைப் பார்க்கும்போது ஒருவன் மட்டும் பூமியைப் பார்க்கிறான். கீழே கிடப்பதைக் கண்டால் குனிந்து எடுக்கிறவன்! இவனல்லவோ தலைவன்!”

முத்திருளன் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினான். புது வெல்வெட்டுத் துணியில் கத்தரித்த ‘கழிவுத் தலைவர்’ என்ற பேட்ஜ் அவன் நெஞ்சில் குத்தப்பட்டது. குத்திய ஊசி சட்டையோடு நிற்கவில்லை. அவன் “ஆ” என்றான். பள்ளி கை தட்டியது.

பிறகு தலைமையாசிரியர் அவனைத் தன் அறைக்கு அழைத்து, பச்சை பீரோவைத் தட்டிக் காட்டினார். “பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தா இதுக்குள்ளதான் இருக்கும். குவியல் அலுவலரோட தோளைத் தொட்டா, ஹால் டிக்கெட் ஒன் கையைத் தொடும். புரியுதா?”

நன்றாகவே புரிந்தது. பரீட்சை எழுதி, மதுரையில் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்பது முத்திருளனின் ஆசை. எழுதாவிட்டால் தாய்மாமனின் செங்கல் சூளை. மாமன் இப்போதே ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் தோள்பட்டையை அழுத்திப் பார்த்து, “ஒரு நடைக்குப் பதினாலு கல்லு தாங்குவான்” என்று அம்மா சின்னத்தாயிடம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று மாலையே முத்திருளன் தன் வகுப்புத் தோழன் மருதுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோணிப்பையோடு தெருவில் இறங்கினான். முதல் வீடு பாண்டியம்மாளுடையது.

“பெரிம்மா, ஒங்க வீட்டுல கழிவு இருந்தா குடுங்க.”

“கழிவுன்னா என்னடா?”

“இனிமே வேண்டாம்னு தூக்கிப் போடுவீங்கள்ல, அது.”

பாண்டியம்மாள் வீட்டுக்குள் திரும்பி, கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். “அந்தா படுத்திருக்காரு. தூக்கிட்டுப் போறீங்களா?”

“தோள் உயரத்துக்குத்தான் கேட்டிருக்காங்க பெரிம்மா. பெரியப்பா அதுக்கு மேல இருப்பாரு.”

அதற்கு மேல் அந்த வீட்டில் கழிவு என்று எதுவும் இல்லை. பால் பவுடர் டப்பா அரிசி அளக்கும் படியாக இருந்தது. கிழிந்த சேலை முதலில் தொட்டிலாகி, பிறகு தலையணை உறையாகி, பிறகு சட்டி இறக்கும் பிடிதுணியாகி, கடைசியில் விளக்குத் திரியாக எரிந்துகொண்டிருந்தது. திரியின் கரியாவது மிஞ்சுமா என்று மருது எட்டிப் பார்த்தான். அது பேத்தியின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக இருந்தது.

“நாளைக்கு வாங்கடா. ஏதாச்சும் ஒடைஞ்சா எடுத்து வைக்கேன்” என்றாள் பாண்டியம்மாள். கோணிப்பையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “இந்தச் சாக்கு எதுக்குடா சும்மா தூக்கிட்டு அலையுறீங்க? குடுத்துட்டுப் போங்க, வாசல்ல மிதியடியாப் போடுறேன்.”

கழிவு வாங்கப் போனவர்கள் கோணிப்பையைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள்.

எந்தத் தெருவிலும் இதுதான் கதை. சைக்கிள் டயரைச் சிறுவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், டியூபைக் கிணற்றில் கமலை இறைப்பவர்கள் சாலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் கோழி தண்ணீர் குடித்தது, வாய்ப்பாகம் வெற்றிலைக் கொடிக்காலில் இளஞ்செடிக்குக் காவல் நின்றது. பழைய தாளெல்லாம் பழங்காநத்தம் பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பொட்டலமாகி ஊருக்கே திரும்பி வந்தது. பொறுமையிழந்த மருது, யார் வீட்டுக் கொல்லையிலோ இருந்த குப்பைமேட்டில் மண்வெட்டியை இறக்கினான்.

“களவாணிப் பயலுகளா!” என்று கொல்லையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வருஷம் பூராச் சேத்த எருடா! நாலு வண்டிக் குப்ப! ஆனி மாசம் வயலுக்கு அடிக்கணும்!” குரலுக்குப் பின்னால் ஒரு ஊன்றுகோலும் வந்தது. படை பின்வாங்கியது.

“சார், ஊர்ல கழிவே இல்லீங்க” என்று முத்திருளன் தலைமையாசிரியரிடம் முறையிட்டான்.

“இல்லையென்றால் உண்டாக்கு” என்றார் அவர். முக்கியமான விஷயங்களை அவர் செந்தமிழில்தான் சொல்வார்.

மறுநாள் முதல் பள்ளியில் கழிவு உற்பத்தி தொடங்கியது. தினம் நான்கு தேர்வு நடந்தது. விடைத்தாள்கள் திருத்தப்படாமல் நேரே குவியலுக்குப் போயின. எழுதாமல் கொடுத்தவனுக்கும் எழுதிக் கொடுத்தவனுக்கும் தாளின் எடைதான் மதிப்பெண். கெட்டி அட்டையோடு நோட்டைக் கிழித்துக் கொடுத்த ஒருவன் வகுப்பில் முதலாவதாக வந்தான். கைத்தொழில் ஆசிரியர் புது நாற்காலி ஒன்றை மாணவர்களைக் கொண்டு செய்வித்து, அதை மாணவர்களைக் கொண்டே உடைத்தார். குவியல் முழங்கால் அளவு வந்தது. தலைமையாசிரியர் தினமும் காலையில் போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் குவியல் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பள்ளிக்குப் பின்வீட்டு ஒச்சாயியின் ஆடு அதை இரவோடு இரவாகத் தின்றிருந்தது.

தலைமையாசிரியர் ஆட்டுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை எழுதினார். ‘அரசுக் கழிவை அனுமதியின்றி உட்கொண்டது ஏன்? மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் பதில் தருக.’ முத்திருளன் அதைக் கொண்டுபோய் ஒச்சாயியிடம் கொடுத்தான்.

“எனக்கு என்னத்துக்குப்பா இது? ஆட்டுக்குத்தான எழுதியிருக்காரு?” என்று ஒச்சாயி அதை ஆட்டிடம் நீட்டினாள். ஆடு குறிப்பாணையை முகர்ந்து பார்த்து, ஓரத்திலிருந்து தொடங்கி, முத்திரை வரைக்கும் ஒழுங்காக உட்கொண்டது.

“பதில் என்ன சொல்ல அத்தை?”

“படிச்சிருச்சுன்னு சொல்லு.”

குவியலைச் சுற்றி முள்கம்பி வேலியும், புது இரும்புக் கதவும், பூட்டும் போடப்பட்டன. அதற்குள் அலுவலர் வருகிற தேதி நெருங்கிவிட்டது. வேலிக்கு உள்ளே போடக் கழிவு இல்லை. முத்திருளனும் மருதுவும் பழங்காநத்தத்துக்கு பஸ் ஏறினார்கள்.

பழைய பேப்பர், பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் விருமாண்டி. அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் முத்திருளன் நெஞ்சிலிருந்த பேட்ஜைப் பார்த்துவிட்டார்.

“கழிவுத் தலைவரா? வாங்க, வாங்க. வாடகைக்குத்தான?”

“வாடகைக்கா அண்ணே?”

“பின்ன? விலைக்கா வாங்கப் போறீங்க? நீங்க ஒம்பதாவது பள்ளிக்கூடம் தம்பி. கல்யாணத்துக்கு அண்டா குண்டா எடுக்குறதில்லையா? அது மாதிரிதான். எண்ணிக் குடுப்பேன், எண்ணி வாங்குவேன். ஒரு தகரம் நெளிஞ்சாக்கூட நீங்கதான் பொறுப்பு. நெளிஞ்சது பூராம் எனக்குத் தெரியும்.”

முற்றத்தில் அந்தக் குவியல் தயாராக இருந்தது. ஐந்தடி மூன்றங்குலம் உள்ள ஒருவரின் தோளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதன் உச்சியில் ஒரு பெரிய விளம்பரத் தட்டி. அதில் ஒரு பெண், கையில் பல்பொடி டப்பாவோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த அம்மா எதுக்குண்ணே?” என்றான் மருது.

“போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். ஐயா வந்தா இது பக்கத்துலதான் நிப்பாரு.”

ஏற்பாடு எளிமையானது. அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகைக்காரர்கள் சைக்கிளில் ஆள்விட்டு மாற்றி மாற்றி ஓட்டுவார்கள் அல்லவா, அதேதான். அலுவலர் ஒரு பள்ளியில் குவியலைப் பார்த்துவிட்டு மேடை ஏறுவார். அவர் பேசுகிற ஒன்றரை மணி நேரத்தில் பின்வாசல் வழியாகக் குவியல் மாட்டுவண்டியில் ஏறி அடுத்த பள்ளிக்குப் போய்விடும். அலுவலர் போய் இறங்கும்போது, அவருக்கு முன்னால் போன பெண்மணி அங்கே சிரித்துக்கொண்டு நிற்பாள்.

வெள்ளிக்கிழமை. ஒத்தப்பனைப்பட்டியே திரண்டிருந்தது. வர்ணக் காகிதத் தோரணம் பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஓடியது. வாசலில் வாழைமரம். முள்வேலிக்குள் துடைத்து விட்ட மாதிரித் தரை. குவியல் மட்டும் வரவில்லை.

முந்திய பள்ளியில் ஒலிபெருக்கி கெட்டுப்போய், அலுவலர் பத்தே நிமிஷத்தில் பேசி முடித்திருந்தார். ஜீப் புழுதியோடு வந்து நின்றது. அதிலிருந்து அலுவலரும் போட்டோகிராபரும் இறங்கினார்கள்.

“வர்ற வழியில பாலத்துக்கிட்ட ஒரு வண்டி அச்சு முறிஞ்சு நிக்குது” என்றார் அலுவலர். “வண்டியில ஒரு அம்மா. எங்கேயோ பாத்த முகம். சிரிச்சாங்க. நானும் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன்.”

தலைமையாசிரியர் உட்கார இடம் தேடினார்.

அலுவலர் நேரே வேலியருகே போய், பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு முத்திருளனைப் பார்த்தார். “கழிவு எங்கே தம்பி?”

“எங்க ஊர்ல இல்லீங்க சார். எங்க போய்க் கேட்டாலும் யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டேங்குறாங்க.”

அலுவலரின் முகம் இறுகியது. அவர் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே! தாய்மார்களே! வேதனையோடு பேசுகிறேன். கழிவு இல்லாத ஊர், கருணை இல்லாத ஊர்! நீங்கள் எதையும் எறிவதில்லை என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் எறியாவிட்டால், எறிந்ததை மீட்க வந்திருக்கிற நாங்கள் என்ன ஆவது? எனக்கு உதவி அலுவலர்கள் நாலு பேர். அவர்களுக்கு எழுத்தர்கள் பன்னிரண்டு பேர். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு குப்பைக்கூடைகூடக் கிடையாது. இன்றைக்கு ஆறு அறை நிறையக் காகிதம்! எங்களால் முடிந்தது உங்களால் முடியாதா? எறியுங்கள், ஐயா, எறியுங்கள்! எறிவது மக்கள் கடமை! எடுப்பது மாணவர் கடமை! எடுத்ததை எண்ணுவது எங்கள் கடமை!”

கூட்டம் நெகிழ்ந்துவிட்டது. “பாவம், நல்ல மனுசன். எம்புட்டு வருத்தம் பாரு” என்று பாண்டியம்மாள் மூக்கைச் சிந்தி, சிந்தியதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதையும் எறியவில்லை.

மேடையில் மாலைகள் தொடங்கின. பெற்றோர் ஆசிரியர் கழகம், பால் உற்பத்தியாளர் சங்கம், முன்னாள் மாணவர்கள், இந்நாள் மாணவர்கள், சலவைத் தொழிலாளர்கள், முடிதிருத்துவோர். அலுவலர் ஒவ்வொரு மாலையையும் கழற்றி மேசைக்கு அடியில் போட்டார். வாழ்த்துப்பா அச்சடித்த தாள்கள் வந்தன. அதையும் போட்டார். சோடா வந்தது, பாட்டிலைக் கீழே வைத்தார்.

முத்திருளன் மேசைக்கு அடியைப் பார்த்தான். திடீரென்று குனிந்தான்.

“மருது, மாப்ள! சாக்கக் கொண்டாடா!”

“சாக்கு பாண்டியம்மா வீட்டு மிதியடிடா!”

“அப்ப மிதியடியக் கொண்டா!”

படை இயங்கியது. மாலைகள் வேலிக்குள் போயின. மதியம் ஊருக்குப் போட்ட பந்தியின் இலைகள் போயின. தோரணம் பஸ் நிறுத்தத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வரப்பட்டது. அழைப்பிதழ்கள், வரவேற்பு வளைவின் அட்டை எழுத்துக்கள், வாழைமரங்கள், சோடா பாட்டில்கள், வாழ்த்துப்பாக்கள். மேடையில் பேசப் பேசக் குவியல் வளர்ந்தது. இடுப்பு. மார்பு. ஒரு பாராட்டுரையும் ஒரு நன்றியுரையும் முடிந்தபோது அக்குளைத் தொட்டது. இன்னும் ஒரு சாண் வேண்டும். எறிய எதுவும் இல்லை.

தலைமையாசிரியர் நெற்றி வியர்வையோடு பியூன் மொக்கையனின் காதில் சொன்னார். “ஆபீஸ் ரூம்ல பீரோ மேல, பீரோவுக்கு உள்ள, காகிதம்னு என்ன இருந்தாலும் அள்ளிட்டு வா. ஓடு!”

மொக்கையன் ஓடினான். ஓடி வந்தான். கொட்டினான். குவியல் தோளைத் தொட்டது.

போட்டோகிராபரின் பல்ப் மின்னியது. அலுவலர் குவியலின் மேல் ஒரு கையை வைத்து, பல்பொடிப் பெண்மணி இல்லாத குறையைத் தீர்க்க, தானே முப்பத்திரண்டு பல்லும் காட்டிச் சிரித்தார். பார்வையாளர் குறிப்பில் இப்படி எழுதினார்: ‘நான் வரும்போது கழிவே இல்லாதிருந்த பள்ளி, நான் வந்தபின் ஒரே பிற்பகலில் தோள் உயர முன்னேறியுள்ளது. முன்மாதிரிப் பள்ளியாகப் பரிந்துரைக்கிறேன்.’

ஜீப் கிளம்பிப் போனபின், அச்சை மாற்றிக்கொண்டு விருமாண்டியின் வண்டி வந்து சேர்ந்தது. “வேலை முடிஞ்சிருச்சா? அப்ப என் வாடகைக்கும் அச்சுக்கும் இதப் பிடிச்சுக்கிறேன்” என்று வேலிக்குள் இருந்தவற்றில் தாளையும் அட்டையையும் பாட்டிலையும் அள்ளிக்கொண்டு போனார். மாலையிலிருந்த நாரை ஊர்ப் பெண்கள் உருவிக்கொண்டார்கள். இலைகளை ஆடு பார்த்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்தில் தரை துடைத்து விட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் நின்றது. தலைமையாசிரியர் முகமெல்லாம் சிரிப்பாக, “குவியல் தோளைத் தொட்டது. இதோ, ஹால் டிக்கெட் உங்கள் கையைத் தொடப்போகிறது” என்று பச்சை பீரோவைத் திறந்தார்.

பீரோவில் ஒரு பல்லி இருந்தது.

“மொக்கையா!”

“நீங்கதான சார் சொன்னீங்க, பீரோவுக்கு உள்ளன்னு. பல்லிய மட்டும் விட்டுட்டேன், காகிதம்தான கேட்டீங்க.”

திங்கட்கிழமை பரீட்சை. வகுப்பும் தலைமையாசிரியரும் ஒரே பஸ்ஸில் பழங்காநத்தத்துக்குப் பறந்தார்கள். விருமாண்டி வெற்றிலையை மென்றுகொண்டு வருத்தப்பட்டார். “அடடா. நல்ல மொடமொடன்னு புதுப் பேப்பரா இருந்துச்சா, வடைக் கடைக்காரங்க ராத்திரியே அடிச்சுப் புடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்களேப்பா.”

அன்று பழங்காநத்தம் கண்ட வியாபாரத்தை அதற்கு முன் சித்திரைத் திருவிழாவில்கூடக் கண்டதில்லை. முப்பது மாணவர்கள் கடை கடையாக நுழைந்து பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் பிரித்தார்கள்.

“டேய், பரமா! ஒன் நம்பர் பக்கோடாவுல வந்திருக்கு!”

“எனக்குச் சுண்டலு! சார், எனக்குச் சுண்டல்ல வந்துருச்சு!”

“மாப்ள மருது, நீ காராச்சேவுடா! சட்னி படாம எடுத்துக்கோ!”

தலைமையாசிரியர் ஒரு மாணவனுக்காக ஏழு பொட்டலம் கடலை தின்றார்; அந்த மாணவன் எட்டாவதில் கிடைத்தான். மதியத்துக்குள் எல்லாருக்கும் கிடைத்தது. முத்திருளனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது ரோட்டோரத்தில் ராமக்காளின் வடைக் கடை.

“அக்கா, பொட்டலம் மடிக்கிற பேப்பர் எதுவும் இருக்கா?”

“கடைசித் தாளு இப்பத்தான் போச்சு தம்பி. அந்தா, ஜீப்புல வந்த ஐயாவுக்கு ரெண்டு வெங்காய வடை மடிச்சுக் குடுத்தேன்.”

முத்திருளன் திரும்பிப் பார்த்தான். வேறு பள்ளியில் பல்பொடிப் பெண்மணியோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிய கழிவு மேம்பாட்டு அலுவலர், ஜீப்பில் சாய்ந்து நின்று இரண்டாவது வடையை முடித்துக்கொண்டிருந்தார். விரல் விரலாகத் தாளில் துடைத்தார். மீசையைத் துடைத்தார். தாளைக் கசக்கி உருண்டையாக்கி, பார்க்காமலே தோளுக்கு மேலே ரோட்டில் எறிந்தார்.

அந்த வட்டாரத்தில் படை தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் எறிந்த முதல் பொருள் அது.

முத்திருளன் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்து குனிந்தான். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் அவன் பரம்பரையையே விசாரித்தார். அவன் உருண்டையைப் பிரித்துப் பார்த்தான். எண்ணெய்க்கு அடியில் அவன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. சாதாரணமாகத் தெரிவதைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

அலுவலர் சத்தம் கேட்டுத் திரும்பினார். நெஞ்சிலிருந்த பேட்ஜைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா?” என்றார் தன் டிரைவரிடம். “நேத்து ஒரு பேச்சுப் பேசினேன். இன்னைக்கு உயிரைக் கொடுத்து எடுக்குறான். இதுக்குத்தான்யா நாம வேணுங்குறது.”

திங்கட்கிழமை காலை, பழங்காநத்தம் தேர்வு மையத்தின் வாசலில் மேற்பார்வையாளர் முத்திருளனின் ஹால் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மறுபக்கத்தில் நின்ற மருது அதன் வழியாகத் தெரிந்தான். மேற்பார்வையாளர் அதை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.

“ராமக்கா கடையா?”

“ஆமாங்க சார்.”

அவர் இன்னொரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார்.

“சரி, உள்ள போ.”